காயக் காயக் கனக்கும் பூ

பூ இருந்த தட்டு மறுபடியும் கீழே போனது.

முள்ளுக்காரர் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு தராசின் முள்ளைப் பார்த்தார். பிறகு அந்தக் கண்ணைத் திறந்து மற்றதை மூடிக்கொண்டு பார்த்தார். எந்தக் கண்ணால் பார்த்தாலும் ஒன்றுதான். செடியிலிருந்து வெட்டி, தலைகீழாகத் தொங்கவிட்டுக் காயவைத்திருக்கும் மூன்று சூரியகாந்திப் பூக்களும் சேர்ந்து, நேற்றைவிட இன்று கனமாக இருந்தன.

"காயற பூ எங்கயாவது கனக்குமா?" என்று தராசைக் கேட்டார்.

தராசு பதில் சொல்லவில்லை. சொல்லவேண்டியதை அது முன்பே சொல்லிவிட்டது.

அவர் தராசு பழுதுபார்ப்பவர். கடைத்தெருவில் எந்தத் தராசின் முள் நடுவில் நிற்க மறுத்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அதனால்தான் முள்ளுக்காரர் என்ற பெயர். அவர் சரிபார்த்த எடைக்கல் என்றால் விற்கிறவரும் வாங்குகிறவரும் வாய் திறக்கமாட்டார்கள். அவரிடம் ஒரு மரப்பெட்டி நிறையப் பித்தளைக் கற்கள் இருந்தன. தெருவில் உள்ள எல்லாக் கற்களையும் அவற்றோடு ஒப்பிட்டுத்தான் திருத்துவார் என்பதால் அவற்றைத் தாய்க்கல் என்று அழைப்பார். இன்னும் சில நாளில் அரசாங்கத்தின் முத்திரை ஆய்வாளர் வந்து அந்தத் தாய்க்கற்களைச் சோதிக்கப்போகிறார். சரியாக இருந்தால் தொழில் தொடரும். மயிரிழை பிசகினாலும் கடைக்குப் பூட்டு.

இந்த நேரம் பார்த்துத்தான் மனைவி பூவை ஒப்படைத்துவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். தங்கைக்குக் குழந்தை பிறந்திருந்தது. பால்கனித் தொட்டியில் அவள் ஆசையாக வளர்த்த பூக்கள் அவை. ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம். ஒவ்வொன்றையும் மெல்லிய துணிப்பையில் போட்டு, காம்பு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வாயைக் கட்டி, தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தாள்.

"பையை அவுக்காதீங்க, விதை கொட்டிடும். பை மேல தட்டிப் பாருங்க. உள்ள கலகலன்னு உதிர்ந்தா காஞ்சிடுச்சுன்னு அர்த்தம்."

"தட்டிப் பாக்கறதெல்லாம் சும்மா காது மதிப்பு. ஈரம் போகப் போக எடை குறையும். குறையறது என்னைக்கு நிக்குதோ அன்னைக்குத்தான் காஞ்சதுன்னு அர்த்தம். தினமும் எடை போட்டுட்டாப் போச்சு" என்றார் முள்ளுக்காரர்.

"போன வருஷமும் உங்க கையிலதான் குடுத்துட்டுப் போனேன். பூஞ்சை பூத்ததுதான் மிச்சம். இந்த வருஷமும் விதை வீணாச்சுன்னா அடுத்த தடவை தொட்டியில உங்க எடைக்கல்லைத்தான் நட்டுத் தண்ணி ஊத்துவேன், சொல்லிட்டேன்."

அவள் போனபின் மூன்று வேளைச் சாப்பாடும் அவருடைய அக்காவின் பொறுப்பாயிற்று. அவர் கடையில் இருந்தாலும் மாற்றுச் சாவியால் வீட்டைத் திறந்து வைத்துவிட்டுப் போவாள். அக்கா பக்கத்துத் தெருவில் இருக்கும் குழந்தைகள் நல மையத்தில் நர்ஸ். பச்சைக் குழந்தைகளைத் தட்டில் படுக்கவைத்து எடை பார்ப்பதுதான் நாள் முழுக்க அவளுக்கு வேலை. ஆக, அந்தக் குடும்பத்தில் அக்காவும் தம்பியும் எடை பார்த்தே பிழைத்தார்கள்.

முதல் நாள் தராசு சொன்னபடி கேட்டது. பூ இருந்த தட்டு மேலே எழும்பியது. அக்கா சாப்பாட்டு அடுக்குடன் உள்ளே வந்தபோது முள்ளுக்காரர் தராசுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"குறைஞ்சிருக்கு அக்கா" என்றார்.

உள்ளுக்குள் அவருக்கு ஒரே சந்தோஷம். ஆனால் அவருடைய முகம் பிறவியிலேயே தொங்கிய முகம். நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் அது நிமிராது. அவருடைய கல்யாணப் போட்டோவைப் பார்ப்பவர்கள் இன்றைக்கும் அவருக்கு ஆறுதலாக இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.

"என்னடா இது, பையில?"

"அவ வளத்த பூ. பத்திரமாப் பாத்துக்கச் சொல்லிட்டுப் போயிருக்கா. தினமும் எடை போடணும்."

"தலைகீழாவா தொங்கவிடுவாங்க?"

"அப்படித்தான் வைக்கணுமாம்."

"நாங்களும் குழந்தை பிறந்த உடனே அப்படித்தான் பிடிப்போம்" என்றாள் அக்கா. ஒரு பையை மெல்லத் தட்டிக்கொடுத்தாள். "கவலைப்படாதே. முதல் ரெண்டு மூணு நாள் எடை குறையறது சகஜம்தான்."

அக்காவுக்குப் பூவைப் பற்றிக்கூடத் தெரிந்திருக்கிறதே என்று முள்ளுக்காரர் வியந்தார்.

மறுநாளிலிருந்துதான் வம்பு. எடை ஏறியது.

பால்கனியில் பனி இறங்குகிறது, அதுதான் காரணம் என்று நினைத்தார். பூக்களைக் கூடத்துக்கு மாற்றி, திரைச்சீலைக் கம்பியில் தொங்கவிட்டு, ஜன்னல்களையெல்லாம் சாத்தினார். அடுத்த நாள் இன்னும் ஏறியிருந்தது. கூடத்தில் காற்றோட்டம் இல்லை என்று சமையலறைக்குக் கொண்டுபோய் அடுப்புக்கு எதிரே தொங்கவிட்டார். அங்கேயும் ஏறியது. மேசை மின்விசிறியை ஸ்டூல் மேல் வைத்துப் பூக்களைப் பார்த்துச் சுழலவிட்டார். பூக்கள் ஊஞ்சல் மாதிரி ஆடின. அவர் வியர்த்து வழிந்துகொண்டே தோசைக்கரண்டியால் தனக்கு விசிறிக்கொண்டார். பூக்கள் ஆடி ஆடியே கனத்தன.

மனைவி தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"காஞ்சுதா?"

"காஞ்சுக்கிட்டே இருக்கு."

"தட்டிப் பாத்தீங்களா? போனைப் பக்கத்துல வச்சுத் தட்டுங்க, நான் கேக்கறேன்."

தட்டினார். பொத், பொத் என்றது.

"என்னங்க, தலையணையைத் தட்டற மாதிரி இருக்கு?"

"இங்க சிக்னல் சரியில்ல" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அக்கா வந்து, "இன்னைக்கு எப்படிடா?" என்றாள்.

"ஏறியிருக்கு அக்கா" என்றார் சோர்ந்த குரலில்.

அக்கா தனக்குள் சிரித்துக்கொண்டே சாப்பாட்டை எடுத்துவைத்தாள். தன்னைக் கேலி செய்கிறாள் என்று முள்ளுக்காரருக்குத் தோன்றியது. கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. அவருடைய நிலைமையைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும்தான்.

காற்றிலும் தப்பில்லை, இடத்திலும் தப்பில்லை. அப்படியானால் வீட்டுத் தராசில் தப்பு. கடைத் தராசைச் சுமந்துகொண்டு வந்து அதில் போட்டார். அதுவும் அதையேதான் சொன்னது. ஒரு தராசு பொய் சொல்லலாம். இரண்டு தராசும் பேசிவைத்துக்கொண்டு பொய் சொல்லுமா? சொல்லாது. அப்படியானால் இரண்டுக்கும் பொதுவானது எது?

முள்ளுக்காரரின் பார்வை மெல்ல நகர்ந்து மற்றத் தட்டில் போய் நின்றது. அங்கே தாய்க்கற்கள் பளபளவென்று மின்னிக்கொண்டிருந்தன.

ஆய்வாளர் வருகிறார் என்பதற்காக இந்த வாரம் முழுக்க அவற்றைப் பொடி போட்டுத் தேய்த்திருந்தார். காலையிலும் தேய்த்தார், மாலையிலும் தேய்த்தார். வேலை இல்லாதபோதெல்லாம் தேய்த்தார். தேய்த்தால் தேயாதா? பூ கனக்கவில்லை. கல் இளைத்துக்கொண்டிருக்கிறது!

யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தி வந்தது. அதுதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

கல்லின் எடை குறைந்தால் அதன் அடியில் உள்ள சிறு குழியில் ஈயத்தை உருக்கி ஊற்றிச் சரிசெய்வது தொழில் வழக்கம். முள்ளுக்காரர் தாய்க்கற்களைக் கவிழ்த்து ஈயம் ஊற்றினார். ஒரு பூ ஒழுங்காகக் காய்ந்திருந்தால் இத்தனை நாளில் எவ்வளவு குறைந்திருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டு, பூ அந்த அளவுக்கு வரும்வரை ஊற்றினார். முள் நடுவில் வந்து அடக்கமாக நின்றது. அவர் பெருமூச்சு விட்டார்.

விட்ட மூச்சு பாதியில் நின்றது. தாயே இளைத்திருந்தால், அதை வைத்துத் திருத்திய பிள்ளைகள்?

அவர் நேர்மையான ஆள். மற்றவர்களாக இருந்தால் பெட்டியை மூடிவிட்டுக் காப்பி குடித்திருப்பார்கள். முள்ளுக்காரர் ஈயத்தையும் உருக்கும் கரண்டியையும் பையில் போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறினார்.

"எதுக்கு அண்ணே இப்போ? முந்தாநாள்தானே பாத்தீங்க?" என்றாள் காய்கறிக்காரம்மா.

"சும்மா, ஒரு சின்னச் சந்தேகம்."

"சந்தேகமா? யார் மேல?"

அந்தக் கேள்வி கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் காதில் விழுந்தது. "அதானே பாத்தேன். இங்க வாங்கற கத்தரிக்காய் வீட்டுக்குப் போறதுக்குள்ளயே கரைஞ்சுடுது" என்றாள் அவள்.

"ஏம்மா, கத்தரிக்காய் கரையறதுக்கு அது என்ன சோப்பா? போற வழியில பேசிக்கிட்டே நீயே நாலு கடிச்சிருப்பே!"

"பச்சைக் கத்தரிக்காயைக் கடிக்க நான் என்ன ஆடா?"

முள்ளுக்காரர் சண்டைக்கு நடுவில் குனிந்தபடி ஈயத்தை ஊற்றிவிட்டு நழுவினார். ஆணிக்கடைக்காரர் கேள்வியே கேட்கவில்லை. "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று கற்களை எடுத்துக் கொடுத்தார். அதுதான் முள்ளுக்காரருக்கு அதிகமாக உறுத்தியது. கடைசியில் குழந்தைகள் நல மையத்துக்கும் போய், அக்காவின் எடைத் தராசையும் தாய்க்கல்லோடு ஒப்பிட்டுத் திருத்தினார்.

மறுநாள் காலை பூக்கள் மறுபடி கனத்திருந்தன.

"நேத்து நான் தேய்க்கவே இல்லையே!" என்று வீட்டுக்குள் கத்தினார். கற்களைப் பஞ்சில் பொதிந்து பெட்டிக்குள் படுக்கவைத்திருந்தார். தொட்டால்கூடத் தேயும் என்று இடுக்கியால்தான் எடுத்திருந்தார். படுத்த படுக்கையிலேயே கல் இளைக்குமா? ஏதாவது நோயா? பித்தளைக்கு என்று ஒரு நோய் உண்டா? யாரைக் கேட்பது?

கேட்க ஆள் இல்லாததால் இன்னும் கொஞ்சம் ஈயம் ஊற்றினார். கடைகளுக்கும் மறுபடி போய் ஊற்றினார்.

இரண்டொரு நாளில் அந்தத் தெருவில் கூட்டம் அலைமோதியது. எங்கிருந்தெல்லாமோ பைகளைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். 'இந்தத் தெருவில் தாராளமாக நிறுக்கிறார்கள்' என்று பேச்சுப் பரவியிருந்தது. காய்கறிக்காரம்மா காலிக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு முள்ளுக்காரரின் கடை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, வியாபாரம் பிச்சுக்கிட்டுப் போகுது. ஆனா வீட்டுக்கு எடுத்துட்டுப் போக எனக்கு ஒரு முருங்கைக்காய்கூட மிஞ்சல. இது என்ன மாயம்?"

"ஆணியை அள்ளி அள்ளிப் போடறேன், முள்ளு அசையவே மாட்டேங்குது" என்றார் பின்னாலேயே வந்த ஆணிக்கடைக்காரர். அவர் குரலில் கோபம் இல்லை. வியப்புத்தான் இருந்தது. "உங்க கல்லு ஏதாவது சாப்பிடுதா அண்ணே?"

அவர்களை விலக்கிக்கொண்டு, நர்ஸ் உடையிலேயே அக்கா வந்தாள்.

"டேய்! என்னடா செஞ்சே என் தராசை? ஊர்ல இருக்கற அத்தனை பிள்ளைங்களும் ஒரே நாள்ல இளைச்சுப்போச்சு! பெத்தவளுங்க வரிசையா நின்னு அழறாளுங்க. நேத்துப் பூசணிக்காய் மாதிரி இருந்த பிள்ளை இன்னைக்கும் பூசணிக்காய் மாதிரியேதான் இருக்கு. ஆனா தராசு நோஞ்சான்னு சொல்லுது!"

"கொஞ்சம் பொறுத்துக்க அக்கா. இது என் தப்பு இல்ல. அந்தப் பூதான்..."

"பூவுக்கு என்ன?" அக்காவின் குரல் சட்டென்று இளகியது. "குறைஞ்சிடுச்சா?"

"இல்ல, ஏறிக்கிட்டேதான் இருக்கு."

"அப்புறம் என்ன? அது தேறிடும். நீ முதல்ல என் தராசைப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் முத்திரை ஆய்வாளர் வந்தார். ஒல்லியான மனிதர். கையில் பூட்டுப் போட்ட வெல்வெட் பெட்டி. உள்ளே அரசாங்க முத்திரை பதித்த கற்கள். அவற்றை விரலால் தொடாமல் இடுக்கியால் எடுத்து ஒரு தட்டில் வைத்தார். மறு தட்டில் தாய்க்கல்லை வைத்தார். தாய்க்கல் தட்டு மேசையில் மோதி நின்றது.

ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"எடை குறைவா வச்சு ஏமாத்தறவங்களைத் தினம் பாக்கறேன். கூடுதலா வச்சிருக்கற ஆளை இந்த சர்வீஸ்ல இப்பத்தான் பாக்கறேன். இதுல உங்களுக்கு என்னய்யா லாபம்?"

"லாபம் ஒண்ணும் இல்ல சார். கல்லு இளைக்குது. பூ சொல்லிச்சு."

"யாரு?"

முள்ளுக்காரர் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். ஆய்வாளர் பாதியில் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். கடையைப் பூட்ட வந்த மனிதருடைய முகத்தில் இப்போது வேறு ஏதோ ஒன்று தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் விடை வராத கணக்கைக் கண்ட மாணவனுடைய முகம் அது.

"வாங்க, அந்தப் பூவைப் பாப்போம்."

வீட்டுக்கு வந்து, தன்னுடைய கற்களை வைத்துத் தானே பூக்களை நிறுத்தார். தட்டில் எந்தெந்தக் கற்கள் இருந்தன என்பதை மனதில் பதித்துக்கொண்டார்.

"நாளைக் காலையில இதே கல்லோட வருவேன். காயற பூன்னா குறையணும். குறைஞ்சிருந்தா என் கல்லு சரி, உங்க கல்லு தப்பு. கடைக்குப் பூட்டுத்தான். வேற பேச்சே இல்ல."

"குறையலைன்னா சார்?"

"அதெப்படிய்யா குறையாமப் போகும்?" என்று சிரித்துவிட்டு, பெட்டியைப் பூட்டிக் கையோடு எடுத்துக்கொண்டு போனார்.

காலையில் மறுபடி வந்தார். அதே கற்களை வைத்தார். பூ இருந்த தட்டு சந்தேகத்துக்கு இடமில்லாமல் கீழே போனது.

இடுக்கி ஆய்வாளரின் கையிலிருந்து நழுவியது. "பெட்டி பீரோவுலதான் இருந்துச்சு. சாவி என் இடுப்புல..." என்று முணுமுணுத்தார்.

"நீங்க துடைச்சீங்களா சார்?"

"வெல்வெட்டு" என்றார் ஆய்வாளர். அவர் முகம் வெளிறியது. "பெட்டி குலுங்கும்போதெல்லாம் வெல்வெட்டுல உரசுமே... எத்தனை வருஷமா எத்தனை பஸ்ல குலுங்கியிருக்கும்! இந்தக் கல்லை வச்சு எத்தனை குறைஞ்ச கல்லுக்கு 'சரி'ன்னு முத்திரை குத்தியிருக்கேன் தெரியுமா? எடை குறையுதுன்னு வாங்கறவர் ஒருத்தர் என் காலைப் பிடிச்சு அழுதார்யா. 'தராசு பொய் சொல்லாது'ன்னு வசனம் பேசிட்டு வந்தேன்."

"மேலிடத்துல இருக்கற கல்லோட ஒப்பிட்டுப் பாக்கலாமே சார்?" என்றார் முள்ளுக்காரர். ஒரு வைத்தியர் இன்னொரு வைத்தியரிடம் பேசுகிற பரிவு அவருடைய குரலில் இருந்தது.

"அதுவும் வெல்வெட்டுப் பெட்டியிலதான் இருக்கு!"

இருவரும் பூக்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆய்வாளர் ஒரு முடிவுக்கு வந்தவராகக் கைப்பேசியை எடுத்தார். தலைமை அலுவலகத்துக்குச் சொல்லி, நாட்டில் உள்ள எல்லாக் கற்களுக்கும் ஈயம் ஊற்றியாகவேண்டும் என்றார். மறுமுனையில் மணி அடிக்க ஆரம்பித்தது.

அப்போது சாப்பாட்டு அடுக்கோடு அக்கா உள்ளே நுழைந்தாள். தொங்கிய முகத்தோடு நிற்கும் தம்பியையும், அதே அளவுக்குத் தொங்கிய முகத்தோடு பக்கத்தில் நிற்கும் புது ஆளையும் மாறிமாறிப் பார்த்தாள். அடுக்கை மேசையில் வைத்துவிட்டு, கைப்பையைத் துழாவியபடியே இருவருக்கும் நடுவில் புகுந்து பூக்களிடம் போனாள்.

"இன்னும் எதுக்குடா இந்த மூஞ்சி? இளைச்சுப்போச்சேன்னு அன்னைக்கு நீ கலங்கி நின்னதைப் பாத்ததுலேர்ந்து, மூணு வேளையும் காம்பு வழியா சிரிஞ்சுல குளுக்கோஸ் தண்ணி ஊட்டி நானும் எடையை ஏத்திக்கிட்டேதானே வரேன்... சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பிள்ளைங்களுக்குப் பசி நேரம்!"